கோடை விடுமுறைக்குக் குடும்பமே வருகிறதா? பாட்டிகளுக்குச் சில குறிப்புகள்

பள்ளிக்கூடம் மூடியதும் ஊர்ப் பக்கத்து வீடுகளில் வாசல் திண்ணையோரம் செருப்புகள் குவிய ஆரம்பிக்கும். ஆண்டு முழுக்க இரண்டு பேர் மட்டும் புழங்கிய வீட்டில் திடீரென்று 10 பேர், 12 பேர். இதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு இல்லை. ஆனால் 65, 70 வயதில் அந்தச் சந்தோஷத்தின் வேலை மொத்தமும் ஒருத்தியின் இடுப்பிலும் முழங்காலிலும்தான் விழுகிறது. பிள்ளைகளை ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாளே படுத்துவிடும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் இருந்த நாளெல்லாம் அவர்கள் அடுப்பங்கரையிலேயே நின்றிருப்பார்கள். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்து எழுதியவை இவை.

வருவதற்கு முன்

1. முதலில் தேதியைப் பேசி முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தோடு முடிந்துவிடும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மே கடைசியில்தான் தொடங்கும். அமெரிக்காவில் பல ஊர்களில் ஜூன் பாதி வரைக்கும் பள்ளி உண்டு. ஆகவே எல்லாப் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக இருக்கிற நாட்கள் மிகக் குறைவு. அந்த நாலைந்து நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். கோயில், கல்யாணம், துக்கம் விசாரிப்பது எல்லாம் அதற்கு முன்னோ பின்னோ போகட்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாதம் வருகிறவர்களிடம் மார்ச்சிலேயே ஞாபகப்படுத்திவிடுங்கள்.

2. தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். 10 பேருக்கு 1,350 லிட்டர். உங்கள் மாடியில் இருப்பது 500 லிட்டர் தொட்டியாக இருந்தால் காலை எட்டு மணிக்கே குழாயில் காற்றுதான் வரும். பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கொல்லையில் வைத்து முதல் நாள் இரவே நிரப்பி மூடிவிடுங்கள். மூடாவிட்டால் கொசு முட்டையிடும். தொட்டியைத் தேய்த்துக் கழுவும் வேலையைப் பத்து நாள் முன்பே ஆள் வைத்து முடித்துவிடுங்கள்.

3. செப்டிக் டேங்கை எடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தால் ஏப்ரலிலேயே லாரிக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு பேருக்குத் தாங்கிய தொட்டி பன்னிரண்டு பேர் வந்த மூன்றாம் நாள் பொங்கினால், அதைவிடச் சங்கடம் வேறு இல்லை.

4. சிலிண்டர். சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். இருவருக்கு ஒன்றரை மாதம் வருவது கூட்டம் கூடினால் பத்துப் பதினைந்து நாள்தான். காலி சிலிண்டரை வைத்துக்கொண்டு விருந்தாளியை எதிர்பார்க்க வேண்டாம். முன்பே பதிவு செய்துவிடுங்கள். அடுப்புக் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் போயிருந்தால் மாற்றிவிட வேண்டும். வாயு கசிந்தால் கூப்பிட வேண்டிய எண் 1906. அதை அடுப்பு மேடைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

5. பரணில் கிடக்கும் பெரிய குக்கரை இறக்கியதும் நேராக அடுப்பில் ஏற்றாதீர்கள். கேஸ்கட் இறுகி வெடித்திருக்கும். வெயிட் உட்காரும் குழாயில் தூசி அடைத்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். சேஃப்டி வால்வு பழையதென்றால் புதிது போடுங்கள், அதன் விலை மிகக் குறைவு. குக்கரை முக்கால் வரைக்கும் நிரப்பக் கூடாது, மூன்றில் இரண்டு பங்குதான். பருப்பென்றால் பாதி.

6. படுக்கைகள். இலவம்பஞ்சு மெத்தை, தலையணைகளை இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். கோரைப்பாயை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும், வெயிலில் நெடுநேரம் கிடந்தால் கோரை நொறுங்கும். ஒன்று முக்கியம்: போர்வைகளோடு அந்துருண்டை போட்டு வைத்திருந்தால், அவற்றை அப்படியே கைக்குழந்தைக்கு விரிக்காதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு இருக்கும். அந்துருண்டை வாசனை ஏறிய துணி அவர்களுடைய ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். துவைத்து, வெயிலில் காயவைத்து, வாசனை போன பிறகே எடுங்கள். குழந்தை இருக்கும் வரை பீரோவிலும் அந்துருண்டை வேண்டாம்.

7. இன்வெர்ட்டர் பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை. இரவில் கரண்ட் போனால் குழந்தைகள் இருக்கும் அறை விசிறிகள் ஓடினாலே பாதி நிம்மதி.

8. மாத்திரைகள். இந்தக் குறிப்பை இரண்டு தடவை படியுங்கள்.

பாட்டி தாத்தா மாத்திரை எங்கே இருக்கும்? கட்டில் தலைமாட்டில், சாப்பாட்டு மேசையில், டி.வி. மேல், கைப்பையில். எல்லாமே இரண்டு வயதுக் குழந்தையின் கை எட்டுகிற இடம். சில வகைச் சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். மாத்திரை, தைலம் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்; இன்சுலினை மட்டும் பிரிட்ஜில் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

பூஜை அறைக் கற்பூரத்தை எடுத்து உயரத்தில் வையுங்கள். கல்கண்டு என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரலாம். பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் ஜூஸ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். ரிமோட்டில், பொம்மையில் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரியை விழுங்கினால் அது உணவுக்குழாயையே அரித்துவிடும். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அந்த டப்பாவையோ அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108.

9. கிணறு இருந்தால் இரும்பு வலை போட்டு மூடுங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் உங்கள் இடுப்பளவாவது இல்லையென்றால் பிள்ளைகள் தனியாக மேலே போகக் கூடாது; மாடிக் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். கொல்லையில் குவிந்திருக்கும் செங்கல், விறகு, காய்ந்த மட்டையெல்லாம் பாம்புக்கு நல்ல இடம். வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஆள் விட்டு அப்புறப்படுத்துங்கள்.

10. குளியலறைப் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வழுக்கி விழுகிறவர் பெரும்பாலும் குழந்தையாக இருப்பதில்லை, அவசரத்தில் ஓடுகிற பாட்டிதான்.

11. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு தட்டு கழுவிய கைக்கு இருபது தட்டு வரப்போகிறது. "இந்த மாசம் இவ்வளவு சேர்த்துத் தரேன்" என்று நீங்களே தொகையைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. அவர்களும் தங்கள் பிள்ளைகளோடு எங்காவது போக நினைத்திருக்கலாம். எந்தெந்த நாள் வர முடியாது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பங்கரை

12. வந்த அன்று மாலையே எல்லோரையும் உட்காரவைத்து வேலையைப் பிரித்துவிடுங்கள். "பாவம், வருஷமெல்லாம் ஆபீஸ்ல கஷ்டப்படுதுங்க, இங்கயாவது ஓய்வா இருக்கட்டும்" என்று நினைக்கிற மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் நாற்பது வயது மகனுக்கு ஓய்வு வேண்டும் என்றால் எழுபது வயது அம்மாவுக்கு வேண்டாமா? காலை டிபன் ஒரு ஜோடி, மதியம் இன்னொரு ஜோடி, ராத்திரி மூன்றாவது ஜோடி. பெண், மாப்பிள்ளை, மகன், மருமகள் எல்லோரும் இதில் உண்டு. மாப்பிள்ளை தோசை சுடட்டும், நன்றாகவே சுடுவார். பிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் யார் யாரைக் கேட்பது என்ற தயக்கமும் இருக்காது. உங்கள் பங்கு ருசி பார்ப்பதும், "இன்னும் ரெண்டு கொதி வரட்டும்" என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதும். அடுப்பங்கரையில் ஒரு நாற்காலி கண்டிப்பாகப் போட்டு வையுங்கள்.

மருமகள் சமைக்கும்போது உப்பு, புளி பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் கைப்பக்குவம் அவளுடையது.

13. இருவருக்குச் சமைத்துப் பழகிய கைக்கு அளவு பிடிபடாது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி 8 பேருக்குச் சரியாக இருக்கும். சாம்பாருக்குப் பருப்பு ஆளுக்கு 25 கிராம். காபி, பிள்ளைகளுக்குப் பால், தயிருக்கு உறை எல்லாம் சேர்த்தால் 10 பேருக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் பால் ஆகும்.

14. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் 50, 60 இட்லி வரும். அதாவது ஒரு வேளைக்குக் காணும். மே மாதத்தில் உளுந்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும். அரைக்கும்போது பிரிட்ஜ் தண்ணீர் தெளித்தால் கிரைண்டர் சூட்டில் மாவு காயாமல் பொங்கி வரும். மொத்த மாவையும் வெளியே வைத்துப் புளிக்க விடாதீர்கள். மறுநாளைக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்து, மீதியைப் புளிக்கும் முன்பே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது முதல் நாள் இரவு வெளியே எடுத்தால் தினமும் புது மாவு மாதிரி இருக்கும்.

15. முன்பே செய்து வைக்கக் கூடியவை: புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி. இந்த ஐந்தும் இருந்தால் யார் எத்தனை மணிக்கு வந்து இறங்கினாலும் சோறு மட்டும் வடித்தால் போதும். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் தோல் தானாகக் கழலும். மதிய வெயிலில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே உரித்துவிடலாம்.

16. தேங்காய் அரைத்துவிட்ட குழம்பும் சட்னியும் இந்த வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். அந்தந்த வேளைக்கு அளவாகச் செய்யுங்கள். மீந்த சாம்பாரைச் சுடச்சுட மூடி வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்தே பரிமாறுங்கள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் பழையதும் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்தால், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்தான் முதலில் தட்டெடுத்துக்கொண்டு வருவார்கள்.

17. டம்ளர்கள்தான் கழுவி மாளாது. ஆளுக்கொரு டம்ளர் கொடுத்து அடியில் நகப்பூச்சால் ஓர் அடையாளம் வைத்துவிடுங்கள். அவரவர் டம்ளரை அவரவர் அலசி வைக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்கு வாழை இலை. கொல்லையில் மரம் இருந்தால் அறுத்து வருகிற வேலை பேரனுக்கு.

18. முறுக்கு, தட்டை, எள்ளுருண்டையைச் செய்வதோ, தெரிந்தவரிடம் சொல்லி வாங்குவதோ உங்கள் சௌகரியம். வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. முழுதாக ஆறிய பிறகே தூக்கில் போடுங்கள். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழு வேர்க்கடலை, முழு திராட்சை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பதும் வேண்டாம்.

19. மாம்பழத்தைக் காயாக, காம்போடு வாங்கி வைக்கோலில் புதைத்துப் பழுக்க வையுங்கள். கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படியே தடை செய்யப்பட்டது; இருந்தும் சந்தையில் நடக்கிறது. தினமும் காலையில் வைக்கோலை விலக்கி எது பழுத்தது என்று மோந்து பார்க்கும் உரிமையைப் பேத்திக்குக் கொடுத்துவிடுங்கள். பங்கனப்பள்ளியா, இமாம்பசந்தா என்று மூன்றாம் நாள் அவளே வாசனையில் சொல்லிவிடுவாள்.

பேரப்பிள்ளைகளோடு

20. வடாம் போடுவதைத் தள்ளிப்போட்டு, பிள்ளைகள் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆழாக்கு போதும். நைலான் ஜவ்வரிசி வேண்டாம், மாவு ஜவ்வரிசியே வடாத்துக்கு ஏற்றது. இரவே ஊறவைத்து, விடிகாலையில் தண்ணீர் விட்டுக் கண்ணாடியாக வேகும் வரை கிண்டி, பச்சை மிளகாய் விழுது, பெருங்காயம், உப்பு சேர்த்து இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். கூழாகச் சுவைக்கும்போது உப்பு ஒரு துளி குறைவாகத் தெரிய வேண்டும், காய்ந்தால் கூடிவிடும்.

வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போய்த் தாத்தாவின் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கரண்டி கொடுங்கள். எட்டு வயதுப் பேத்தி வட்டமாக ஊற்ற வேண்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு ஊற்றுவாள். ஐந்து வயதுக்காரன் ஊற்றியது நாய் மாதிரி ஒன்று, விமானம் மாதிரி ஒன்று என்று இருக்கும். திருத்தாதீர்கள். பாதி கூழ் வயிற்றுக்குள்தான் போகும். போகட்டும், அதற்காகத்தானே இரண்டு ஆழாக்கு. காக்காய்க் காவலுக்கு நிழலில் ஒரு பாய், ஒரு குடை, ஒரு சொம்பு தண்ணீர். மாலையில் வேட்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்தால் வடாம் சுலபமாக உரிந்து வரும். இன்னும் இரண்டு நாள் காய வேண்டும். அவரவர் வடாத்தைத் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள், ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகட்டும்.

21. பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வெளியே விளையாட விடாதீர்கள். அந்த நேரத்துக்குத்தான் பல்லாங்குழியும் தாயக்கட்டையும். பல்லாங்குழியில் 14 குழிக்கும் சேர்த்து 70 புளியங்கொட்டை எண்ணிப் போடச் சொல்லுங்கள், குழிக்கு ஐந்து. கூட்டலும் வகுத்தலும் கேட்காமலேயே வரும். செல்போனைப் பிடுங்கிச் சண்டை போடாதீர்கள். நீங்கள் விளையாட உட்கார்ந்தால் போன் தானாகக் கீழே போகும்.

22. இரவில் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகப் படுக்க வையுங்கள். அவர்களுடைய அப்பா, அம்மா சின்ன வயதில் செய்ததைச் சொல்லுங்கள். அதைவிட அவர்களுக்குப் பிடித்த கதை இல்லை.

23. ஊர் மாறி, தண்ணீர் மாறி வந்த பிள்ளைகளுக்கு வயிறு கெடுவது சகஜம். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தே கொடுங்கள். நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வையுங்கள். பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கலந்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பாக்கெட் கைவசம் இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து போடுங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

உங்களுக்காக

24. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடும் வழக்கத்தை இந்த மாதம் முதல் விட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர் மணி மூன்று வரை சாப்பிடாமல் நின்றால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி மயக்கம் வரும். குழந்தைகளோடு முதல் பந்தியிலேயே உட்காருங்கள். அமர்க்களத்தில் மறந்துபோவது உங்கள் மாத்திரைதான். விவரம் தெரிந்த பேத்தி ஒருத்தியிடம் "வேளாவேளைக்கு ஞாபகப்படுத்துற வேலை உன்னோடது" என்று ஒப்படையுங்கள். மதியம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்து எழுந்திருங்கள்.

25. செலவை நீங்களே முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. பென்ஷன் பணத்தில் பன்னிரண்டு பேருக்கு ஒரு மாதம் மளிகை வாங்க முடியாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நீங்கள் சொல்லாததால் கேட்கத் தயங்குகிறார்கள். மளிகைச் சீட்டை எழுதி மூத்தவன் கையில் கொடுத்துவிடுங்கள்.

26. வீடு, நிலம், நகை பற்றிய பேச்சு பேச வேண்டியதுதான். ஆனால் எல்லோரும் கூடியிருக்கிறார்களே என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு, முன்பே சொல்லிவைத்த ஒரு நாளில், ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துப் பேசுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பணமும் துணியும் மகள் வயிற்றுப் பிள்ளை, மகன் வயிற்றுப் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லாமல் ஒரே அளவாக இருக்கட்டும். குழந்தைகள் எண்ணிப் பார்ப்பார்கள்.

27. ஊருக்குக் கொடுத்தனுப்பும் பொடி, தொக்கு, வடாத்தை மூன்று நாள் முன்பே பங்கு பிரித்துக் கட்டுங்கள். எண்ணெய் பாட்டிலின் வாயில் பிளாஸ்டிக் தாளை வைத்து அதன்மேல் மூடியைத் திருகினால் ஒழுகாது. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள், ஊறுகாயும் தொக்கும் அந்தக் கணக்கில்தான் சேரும். அவற்றைப் பெரிய பெட்டியில் வையுங்கள். அந்தந்த நாட்டில் எதை உள்ளே விடுவார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

28. புறப்படுகிற நாள் காலையில், வண்டி வருவதற்கு முன்பே, அவரவர் படுத்த படுக்கை உறையை உருவி வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, பெரிய பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்; மாவு இருக்கிறது, பொடி இருக்கிறது. மூன்றாம் நாள் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.